ஆடை கட்டாத பதினான்காம் குழாய்

கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கப்பட்ட குற்றம் உலகத்தில் இதுவரை ஒன்றுகூடக் கிடையாது. இது துப்பறியும் கண்ணுசாமியின் தீர்மானமான முடிவு. கேள்வி என்பது, பொய் சொல்ல வரும்படி எதிராளிக்கு நாமே வெற்றிலை பாக்கு வைத்து அனுப்பும் அழைப்பு. கண்ணுள்ளவன் பார்ப்பான். பார்த்தால் தெரிந்துவிடும். வாசல் வாசலாக நின்று கேட்டு எழுதிக்கொள்வது ஜனக்கணக்கு எடுப்பவர் வேலை.

புரட்டாசி மாதம் மூன்றாம் சனிக்கிழமை காலை, கோவில்பட்டி சைக்கிள் கடை மாடியில் இருந்த தம் துப்பறியும் நிலையத்தில் அவர் இதை முழுமனத்தோடு சொன்னார். கேட்டவர்கள் இருவர். ஒருவர் டாக்டர் ஜெயகுமாரி. மற்றவன் கண்ணுசாமியின் மனைவிக்குத் தம்பி பூவனநாதன். ஆரம்பப் பள்ளி வாத்தியார், விடுமுறை நாளில் துப்பறியும் உதவியாளன். அந்த வருஷம் மாசி மாதம் ஊரில் ஆறு தெருக்களுக்கு ஜனக்கணக்கு எடுத்தவன் அவன்தான்.

“அத்தான் சொல்லுதது வாஸ்தவம்,” என்றான் பூவனநாதன். “கணக்கெடுக்கும்போது தொழில்ங்கிற இடத்துல என்ன எழுதணும்னு அத்தான்கிட்ட கேட்டேன். பதில் சொல்லல. சரின்னு நானே பாத்தேன். ‘இல்லை’ன்னு எழுதிட்டேன்.”

நிலையம் அதுவரை கண்டுபிடித்துக் கொடுத்தவை: எருமை ஒன்று, சைக்கிள் இரண்டு, ஓடிப்போன மாப்பிள்ளை ஒருவர். இதில் மாப்பிள்ளை தாமாகவே திரும்பி வந்தார். எருமையும் அப்படித்தான்.

டாக்டர் சிரிக்கவில்லை. அவர் பாளையங்கோட்டைக்காரர். ஊரின் தர்ம ஆஸ்பத்திரியை மூன்று வருஷமாக நடத்துகிறவர். ஒரு சந்தேகம் அவரை விடாமல் அரித்துக்கொண்டிருந்தது. நாற்பது நாற்பத்தைந்து வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறவர்கள் ஏன் கடைவீதிக்காரர்களாகவும் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகளாகவுமே இருக்கிறார்கள்? பசுவந்தனைப் பக்கம் கரிசல் காட்டில் உழுகிறவர்கள் அப்படிச் சாவதில்லையே? (அவர்கள் சாவதற்கு வேறு வழிகள் வைத்திருந்தார்கள்.) தின்ற கொழுப்பு உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது, ரத்தத்தில் எத்தனை நேரம் தங்குகிறது என்று பார்த்தால் விடை தெரியும் என்று டாக்டர் நம்பினார். காட்டிலிருந்து பதினான்கு பேர், கடைவீதியிலிருந்து பதினான்கு பேர். பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் உண்ணாமல் வரவேண்டும். ரத்தத்தை எடுத்து, உறையவிட்டு, கையால் சுற்றும் யந்திரத்தில் வைத்துச் சுற்றி, மேலே பிரிகிற நீரை மட்டும் தனிக் குழாயில் எடுத்துப் பார்ப்பது.

“சாப்பிட்ட கொழுப்பு விருந்தாளி மாதிரி,” என்றார் டாக்டர். “அஞ்சு மணி நேரம், மிஞ்சினா எட்டு மணி நேரம் ரத்தத்துல இருக்கும். அப்புறம் போயிரணும். பன்னிரண்டு மணி நேரம் ஆகியும் போகாம நிக்கிற ஆளைத்தான் நான் தேடுதேன்.”

“வீட்டோட மாப்பிள்ளை,” என்றான் பூவனநாதன்.

திங்கட்கிழமை எடுத்த காட்டுக்காரர்களின் பதினான்கு குழாயும் ஊருணித் தண்ணீரைவிடத் தெளிவாக இருந்தன. புதன்கிழமை எடுத்த கடைவீதிக்காரர்களின் பதினான்கு குழாயும் பாலாக இருந்தன. ஒருவர் இருவர் என்றால் நோய் எனலாம். ஒரு கடைவீதி முழுவதுமா? தின்றுவிட்டு வந்தார்களோ என்றால் அதுவும் இல்லை. டாக்டரே ஒவ்வொருவரையும் கேட்டிருந்தார். ‘சாப்பிடல’ என்று பதினான்கு பேரும் கற்பூரம் அணைக்காத குறையாகச் சொன்னார்கள்.

அதற்குள் விஷயம் கைமீறிவிட்டது. ஆஸ்பத்திரிக் கமிட்டித் தலைவர் சௌந்தரபாண்டியன், ஊரிலேயே பெரிய தீப்பெட்டி ஆபீஸின் முதலாளி, அந்தப் பதினான்கு பேரில் ஒருவர். அவருக்கு வந்த சீட்டில் ‘கொழுப்பு அதிகம்’ என்று எழுதியிருந்தது. கோவில்பட்டியில் ஒரு முதலாளியைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல அதுவரை தொழிற்சங்கத்துக்கு மட்டுமே தைரியம் இருந்தது. சீட்டை எழுதியவர் பரிசோதனைக்கூடத்து தேவஆசீர்வாதம். அவருடைய தம்பி அந்தத் தொழிற்சங்கத்தில்தான் இருந்தான். முதலாளிக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. பாலை ஊற்றிக் கலப்படம் செய்துவிட்டான். குழாய்கள் இருக்கும் ஐஸ் பெட்டியைப் பூட்டு. சனிக்கிழமை நாலு மணிக்குக் கமிட்டி. ஆளை வெளியே அனுப்பு.

“ரத்தத்துல கலப்படம் பண்ணினவன்னு பேர் வந்துட்டா ஓட்டப்பிடாரம் தாண்டினாலும் அவரை எவனும் ஆஸ்பத்திரிக்குள்ள விடமாட்டான்,” என்றார் டாக்டர். “நாலு மணிக்குள்ள எனக்கு உண்மை தெரியணும்.”

கண்ணுசாமி எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். கரிசல் பூமி வெயிலில் கோட்டுப் போட்டு நடக்கிறவன் ஒன்று துப்பறிவாளனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக இருக்க வேண்டும். அவரைக் கண்டு ஊர் கதவைச் சாத்தியது இரண்டாவது காரணத்துக்காக. அது அவருக்கும் தெரியும்.

*

ஆஸ்பத்திரியில் எண்பது நோயாளிகள் காத்திருந்தார்கள். கமிட்டி போட்ட பூட்டை டாக்டர் திறந்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்கக்கூட நேரமில்லாமல் அவர்களிடம் ஓடினார்.

தேவஆசீர்வாதம் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் சாவிக்கொத்து. நாலு மணிக்கு ஒப்படைக்கச் சொன்னதை அவர் காலையிலேயே கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஐயா என்ன கேட்டாலும் மறைக்காமல் சொல்லுவதாக அவர் ஆரம்பித்தபோது கண்ணுசாமி கையமர்த்தினார்.

“ஒண்ணும் சொல்லாதேரும் வே. நான் பாத்துக்கிடுதேன்.”

பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டார். வெயிலுக்கு இதமாக இருந்ததால் தலையை வெளியே எடுக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார். புதன்கிழமை முழுக்கப் பாலாக இருந்ததாகச் சொன்ன குழாய்களில், மூன்று நாள் அசையாமல் நின்றதில், பதின்மூன்றில் வெள்ளையெல்லாம் மேலே திரண்டு ஆடை கட்டியிருந்தது, கீழே தெளிவு. பதினான்காவதில் மட்டும் ஆடை இல்லை. மேலிருந்து அடிவரை அரிசி கழுவிய தண்ணீர் போல ஒரே கலங்கல்.

‘13ல் ஆடை உண்டு. 1ல் இல்லை’ என்று நோட்டில் எழுதிக்கொண்டு யோசித்தார். உலகத்தில் ஆடை கட்டுகிற பொருள் எது? பால். ஆகவே ஊற்றியது பால். கடைசிக் குழாய்க்கு வரும்போது பால் தீர்ந்துபோய்த் தண்ணீரை விட்டு அலசி ஊற்றியிருக்கிறான். டாக்டரைக் கூப்பிட்டு, இப்படி இருக்கிறதே, இதற்கு வேறு அர்த்தம் உண்டா என்று கேட்கலாமா என ஒரு கணம் தோன்றியது. கேட்டால் அது கேட்டதாகிவிடும். நோட்டை மூடினார்.

பூவனநாதன் சமையற்கட்டிலிருந்து நோயாளிகளுக்கு வரும் பாலில் ஒரு தம்ளர் கொண்டுவந்தான். வெறும் தண்ணீரில் கொஞ்சம் விட்டு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்கள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

“அத்தான், இந்தப் பாலை ஊத்தியிருந்தா ரத்தம் இன்னும்லா தெளிஞ்சிருக்கும்.”

அப்படியானால் வேறு பால். நல்ல பால். துப்பு இறுகிக்கொண்டு வந்தது.

சுவரில் தேவஆசீர்வாதம் கையால் எழுதிய இரண்டு அறிவிப்புகள் ஒட்டியிருந்தன. ஒன்று காட்டுக்காரர்களுக்கு: ‘முந்தின இரவு எட்டு மணியிலிருந்து உபவாசம் இருந்து வரவும்.’ மற்றது கடைவீதிக்காரர்களுக்கு: ‘முந்தின இரவு எட்டு மணியிலிருந்து விரதம் இருந்து வரவும்.’ கண்ணுசாமி இரண்டையும் கண்ணாடி வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தார். மை ஒன்றுதான். ஆனால் இரண்டாவதில் ‘வி’யின் வயிறு பெருத்திருந்தது. எழுதும்போது கை நடுங்கியிருக்கிறது என்று குறித்துக்கொண்டார். நிப்பை மாற்றியதாகத் தேவஆசீர்வாதம் முனகினார். பூவனநாதன் எதையோ கேட்க வாயைத் திறந்தான். அத்தான் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டான்.

*

பதினான்கு பேரில் சொந்தமாக எருமை வைத்திருந்தவர் பருத்தி மண்டி பத்திரகாளி ஒருவர்தான். அவர் வீட்டுத் தொழு ஆஸ்பத்திரியின் பின்சுவரை ஒட்டி இருந்தது. பால் சுவரேறிக் குதித்து வந்திருக்க வேண்டும் என்பது கண்ணுசாமியின் கணக்கு. இருவரும் தொழுவுக்கு முன்னால் போய் நின்றார்கள். கண்ணுசாமி எருமையைப் பார்த்தார். எருமை கண்ணுசாமியைப் பார்த்தது. இருபது நிமிஷம் இப்படிப் போனதில் எருமைதான் அதிகம் தெரிந்துகொண்டதாகப் பட்டது.

பத்திரகாளியின் மனைவி முத்துமாரியம்மாள் கோட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். அவிய ஏற்கெனவே இன்சூரன்ஸ் போட்டாச்சு என்றும், எருமைக்குப் போடுகிற உத்தேசம் இல்லை என்றும் சொன்னார். கண்ணுசாமி கம்பீரமாக எருமைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பூவனநாதனுக்கு மாசி மாதப் பழக்கம் நாக்கை அரித்தது.

“யக்கா, புதன்கெழமை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அண்ணாச்சி சாப்பிடாமத்தானே போனாவ?”

“பின்ன? விரதம்லா. சோத்தைக் கண்ணால பாக்கல.”

“சரி. விரதத்துக்கு என்ன சாப்பிட்டாவ?”

கண்ணுசாமி பல்லைக் கடித்தார். முத்துமாரியம்மாளுக்கு அது மிக நியாயமான கேள்வியாகப் பட்டது.

“என்னத்தச் சாப்பிட்டாவ, பாவம். விடிஞ்சதும் குளிச்சிட்டு கடம்பூர் போளி ஒரு ஏழு. நெய்யை உருக்கி ஊத்திக் கொடுத்தேன். ஒரு செம்பு எருமைப்பால். அம்புட்டுத்தான். டாக்டரம்மா வேதக்காரவியளா இருந்தும் நம்மளை விரதம் இருக்கச் சொல்லுதாவளேன்னு கடைவீதியே பலகாரம் பண்ணுச்சு.”

கண்ணுசாமி எருமை கட்டியிருந்த முளைக்குச்சியைப் பிடித்துக்கொண்டார். ஆறு மணிக்கு ஏழு போளி, ஒன்பதரைக்கு ரத்தம். விருந்தாளி அப்போதுதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்திருப்பான். ஒருவரும் பொய் சொல்லவில்லை. சாப்பாடு என்றால் சோறு. சோறு தொடாதவன் சாப்பிடாதவன். அந்த ‘வி’யின் வயிற்றை அவர் கண்ணாடி வைத்துப் பார்த்தார். வார்த்தையைப் பார்க்கவில்லை.

“எனக்கு அப்பவே ஒரு இது இருந்துச்சு,” என்றார் தெருவுக்கு வந்ததும்.

“இருக்கும் அத்தான். எருமை சொல்லியிருக்கும்.”

மூன்றரை மணிக்குள் பூவனநாதன் சைக்கிளில் இன்னும் பன்னிரண்டு வாசல் ஏறி இறங்கினான். ஆப்பம், அடை, பால்கொழுக்கட்டை, ஒரு வீட்டில் நெய்ப் பணியாரம். கண்ணுசாமி ஒவ்வொரு வாசலிலும் கேரியரில் உட்கார்ந்து உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினான்காவது வாசல் சௌந்தரபாண்டியனுடையது. அங்கே போய் ‘என்ன தின்னிய’ என்று கேட்கும் துணிச்சல் ஜனக்கணக்குக்கே கிடையாது.

*

நாலு மணிக்குக் கமிட்டி ஆஸ்பத்திரியிலேயே கூடியது. கண்ணுசாமி நடு அறையில் நின்று பேசினார். ‘ஒன்றும் உண்ணாமல்’ என்பதற்கு டாக்டர் இங்கிலீஷில் ஒரே வார்த்தைதான் சொன்னார். அதைத் தமிழில் எழுதிய தேவஆசீர்வாதம் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். அவருக்கு உபவாசமும் விரதமும் ஒன்று. காட்டுக்காரர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள் என்பதால் உபவாசம் என்று எழுதினார்; கடைவீதி அண்ணாச்சிமாருக்கு அவர்கள் சாமி வழக்கப்படி விரதம் என்று எழுதினார். இதில் குற்றம் என்று ஏதாவது உண்டென்றால் அது மரியாதை. தேவஆசீர்வாதம், ஆமாம், ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கமிட்டியில் ஒருவர், தாம் தின்றது இரண்டு அடைதான் என்று தாமாகவே ஒப்புக்கொண்டார். அறை சிரித்தது.

சௌந்தரபாண்டியன் சிரிக்கவில்லை.

“அவங்க தின்னிருப்பாங்க. நான் தின்னேன்னு சொல்லுதீரா வே?” அவர் குரலை உயர்த்தவில்லை. “செவ்வாக்கெழமை ராத்திரியில இருந்து பச்சைத்தண்ணி என் தொண்டையில இறங்கல. என் விரதம் இந்த ஊருக்கே தெரியும். அப்ப என் குழாயில வந்தது எது?”

அது உண்மை என்று அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். சஷ்டிக்கு ஆறு நாள் மிளகும் தண்ணீருமாக இருந்து கழுகுமலைக்கு நடந்தே போகிற மனிதர் அவர். பதின்மூன்று குழாய் போளி என்றாலும் ஒரு குழாய் கலப்படம்தான் என்றாகிவிட்டது. தேவஆசீர்வாதம் எழுந்து வந்து சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தார்.

கண்ணுசாமி நோட்டைப் புரட்டினார். பிறகு அதை அப்படியே டாக்டரிடம் நீட்டினார்.

‘13ல் ஆடை உண்டு. 1ல் இல்லை’ என்ற வரியை டாக்டர் இரண்டு தடவை படித்தார். உள்ளே போய், ஆடை கட்டாத குழாயை எடுத்து ஒட்டியிருந்த பேரைப் பார்த்துவிட்டு வந்தார்.

“இதை எப்ப பாத்தீங்க?”

“பன்னண்டு மணிக்கு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?”

பூவனநாதன் கூரை உத்தரங்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

டாக்டர் நாற்காலியை முதலாளிக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மேலே ஆடை கட்டினால் அது அன்று காலை தின்றது, வெளியிலிருந்து வந்தது என்று சொன்னார். ஆடை கட்டாமல் முழுக்கக் கலங்கி நின்றால் அது வாய் வழியாக வந்தது அல்ல. உடம்பே, கல்லீரலே செய்து ரத்தத்துக்குள் அனுப்புவது. யாரும் ஊற்றவில்லை. விருந்தாளியும் இல்லை.

“இன்னைக்கும் விரதமா அண்ணாச்சி?”

“புரட்டாசி சனி. பொழுது அடையுத வரைக்கும் பச்சைத்தண்ணி கிடையாது.”

டாக்டர் தாமே ஊசியை எடுத்தார். தேவஆசீர்வாதத்தைக் கிட்டத்தில் வரவேண்டாம் என்றார். அவர் எதிர்ச் சுவரோரம் இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, எல்லோரும் பார்க்கும்படி நின்றார். ரத்தம் உறைவதற்கு அரைமணி. கமிட்டிக்கு வந்த காப்பி ஆறிப்போனது. பூவனநாதன் யந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றினான். டாக்டர் குழாயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

அரிசி கழுவிய தண்ணீர்.

சௌந்தரபாண்டியன் அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மேஜைமேல் கிடந்த சாவிக்கொத்தை எடுத்து, தாமே நடந்து போய்த் தேவஆசீர்வாதத்தின் கையில் கொடுத்தார். “வச்சுக்கிடும்,” என்றார். தேவஆசீர்வாதம் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக மேல்துண்டை உதறிக்கொண்டு நழுவினார்கள்.

“எங்க அண்ணன் தீக்குச்சிக்கு மெழுகு காச்சுத இடத்துல நெஞ்சைப் பிடிச்சு, நின்னுக்கிட்டே போனாவ,” என்றார் முதலாளி, யாரிடம் என்றில்லாமல். “நாப்பத்திரண்டு வயசு. எனக்கு இப்ப நாப்பத்தொண்ணு. அன்னையில இருந்து நெய்யைத் தொடல, டாக்டரம்மா. எண்ணெயில பொரிச்சது எதையும் தொடல. நாலு வருசமாச்சு.”

“அதுதான் எனக்கும் புரியல,” என்றார் டாக்டர். “நெய் இல்லாம இனிப்பையோ மாவையோ வேற எதையோ வச்சு உங்க உடம்பு இதைச் செய்யுது. ஒரு நாளைக்கு என்னென்ன உள்ள போகுதுன்னு ஒண்ணு விடாமத் தெரிஞ்சாத்தான் வழி பிறக்கும். தெரிஞ்சா மாத்திரலாம். மாத்த முடியும்னுதான் நினைக்கேன்.”

அதற்குள் நர்ஸ் வந்து நின்றாள். உள்ளே ஒரு பிரசவம். டாக்டர் அரை மனத்தோடு எழுந்து போனார்.

துப்பறியும் வேலை முடிந்துவிட்டது. குற்றவாளி இல்லை, நிரபராதியின் கையில் சாவி இருந்தது. கண்ணுசாமி கோட்டின் பித்தானைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனார். திரும்பிப் பார்த்தார். முதலாளி மடக்கிய கையில் பஞ்சை அமுக்கிப் பிடித்தபடி பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையைக்கூட இறக்கிவிடவில்லை.

கண்ணுசாமி கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பூவனநாதனின் பையிலிருந்து பென்சிலை உருவிக்கொண்டார். அவன் வெளியே போய் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தான். கண்ணுசாமி பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல், நோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“காலையில எந்திரிச்சதும் முதல்ல என்ன குடிப்பிய, அண்ணாச்சி?”

“சுக்குக் காப்பி.”

“கருப்பட்டி போட்டா?”

“போடாமயா? நெய்தான் இல்லைன்னு ஆச்சே, அதாவது இருக்கட்டுமேன்னு வீட்டுல நெறையப் போடுவாவ.”

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை குடிப்பிய?”

சௌந்தரபாண்டியன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு கை போதவில்லை. மறு கையை நீட்டியபோது பஞ்சு கீழே விழுந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

கண்ணுசாமி எழுதினார். பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார்.

“சரி. அதுக்கப்புறம்?”